மாதேஷ் பெயருக்குப் போன கடிதங்கள்

சேலம்
21.01.2023

மாதேஷ் சித்தப்பாவுக்கு,

நஞ்சப்பன் மகள் பூவிழி எழுதுகிறேன். உங்களுக்குப் படிக்க வராது என்று தெரியும். பக்கத்தில் தமிழ் தெரிந்தவர் யாரையாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தீர்த்தம்மாள் சித்தி, ஆந்திரா போலீஸ் போனில் சொன்ன உங்கள் சிறை விலாசம் எழுதிய சீட்டை என் கையில் திணித்து, ஒரு கடிதம் போடச் சொன்னார். ஐஸ்வர்யா அப்பாவுக்கு எழுத மாட்டாளாம். செம்மரம் வெட்டப் போகாதே என்று காலைப் பிடித்துக் கெஞ்சியும் போனவருக்கு நான் எதற்கு எழுத வேண்டும் என்கிறாள். கோபம் உங்கள் மேல் இருக்கிற பாசத்தில்தான். பன்னிரண்டாவது நன்றாகவே படிக்கிறாள். சித்தி, நீங்கள் கேரளாவில் வேலையில் இருப்பதாக ஊரில் சொல்லி வைத்திருக்கிறார். ஜெயில் முத்திரையோடு கடிதம் வந்தால் மானம் போய்விடும் என்பதால் பதிலை என் ஹாஸ்டலுக்குப் போடுங்கள். நான் ஊருக்குப் போகும்போது படித்துக் காட்டுகிறேன். மாடு கன்று போட்டிருக்கிறது, கிடேரி. சித்தி சொல்லச் சொன்னது இவ்வளவுதான். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

இனி நான் கேட்பது. ஊரிலிருந்து நீங்களும் எங்கள் அப்பாவும் ஒன்றாகத்தான் ஆந்திராவுக்குப் போனீர்கள். மலைப்பாதையில் வேன் உருண்டு தீப்பிடித்தது என்றார்கள். அப்பாவை ஒரு மூட்டையாகத்தான் கொண்டுவந்தார்கள். முகம் இல்லை. கையில் இருந்த முனியப்பன் கோயில் செம்புக் காப்பைப் பார்த்துத்தான் அம்மா அடையாளம் சொன்னாள். அப்பா மட்டும் ஏன் அந்த வேனில் இருந்தார்? நீங்கள் ஏன் இல்லை? கடைசியாக என்ன பேசினார்? உங்கள் மேல் வருத்தமில்லை சித்தப்பா. தெரிந்துகொண்டால் போதும்.

நான் சேலத்தில் நர்சிங் முதல் வருஷம் படிக்கிறேன். தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைகளை மட்டும் படிக்க வைக்கிற ஒரு அறக்கட்டளை சென்னையில் இருக்கிறது. அவர்கள்தான் படிக்க வைக்கிறார்கள். அப்பா இருந்திருந்தால் பன்னிரண்டோடு நின்றிருப்பேன். உயிரோடு இருந்தபோது கொடுக்க முடியாததைச் செத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார் என்று அம்மா சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

பதில் போடுங்கள்.

பூவிழி

*

12.02.2023

கண்ணு பூவிழி,

பக்கத்தில் யாராவது இருந்தால் இதை மடித்து வைத்துவிட்டு அப்புறமாகப் படி. பயப்படாதே. நான் மாதேஷ் இல்லை. உன் அப்பாதான். என் கையெழுத்து உனக்குத் தெரியும். பம்புசெட் தொட்டியில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டு, அம்மாவிடம் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினாயே, அந்த அப்பா.

நான்தான் மாதேஷை அந்த வேனில் ஏற்றிவிட்டேன். காட்டுக்குள் அவனுக்குக் காய்ச்சல் கண்டு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மேஸ்திரி ஊருக்கு அனுப்புகிறேன் என்றான். நம் வழக்கம் உனக்குத் தெரியாததா, காய்ச்சல்காரன் தனியாக வழி போனால் முனியப்பன் காப்பைப் போட்டு அனுப்புவோம். என் காப்பைக் கழற்றி அவன் கையில் மாட்டினேன். முனியப்பன் கொண்டுபோய்ச் சேர்ப்பான், வீட்டில் போய் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லு என்றேன். சரிங்கண்ணா என்று தலையாட்டினான். நீ கேட்ட கடைசிப் பேச்சு அதுதான், அவன் பேசினது, உன் அப்பா பேசினது இல்லை.

மறுநாள் எங்களைப் பிடித்தார்கள். பிடிபட்டால் சொந்தப் பெயரைச் சொல்லாதே, வீடு போய்ச் சேர்ந்தவன் பெயரைச் சொல்லு என்று காட்டில் எங்களுக்குள் பேச்சு. போலீஸ் ஊருக்கு விசாரிக்கப் போகும்போது அவன் வீட்டில் களி தின்றுகொண்டிருப்பான், கேஸ் பொய் என்று ஆகிவிடும் என்று கணக்கு. எவ்வளவு பெரிய புத்திசாலிகள் பார். மாதேஷ் போய்ச் சேர்ந்திருப்பான் என்று நம்பி மாதேஷ் என்று சொன்னேன். யாரும் ஊருக்குப் போய் விசாரிக்கவில்லை. நான் எழுதினால் பெயர் வெளிப்பட்டுவிடும் என்று பயந்து எழுதாமல் இருந்தேன். அவன்தான் எல்லாம் சொல்லியிருப்பானே, பிறகு ஏன் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று உங்கள் மேல் கோபமாகக்கூட இருந்தேன்.

உன் கடிதத்தைப் படித்தபிறகுதான் நான் செத்தது எனக்கே தெரியும். அவன் செத்ததும்.

இங்கே தமிழ்க் கடிதத்தை யாரும் படிப்பதில்லை. முத்திரை குத்திக் கொடுத்துவிடுகிறார்கள். தைரியமாக எழுது. அம்மா எப்படி இருக்கிறாள்? என்ன செய்யலாம் சொல்லு. எனக்கு மூளை ஓடவில்லை.

அப்பா

*

சேலம்
26.02.2023

அப்பா,

குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு படித்தேன். தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. அன்று முழுவதும் யாரைப் பார்த்தாலும் சிரித்தேன். என் அறைத் தோழி கனிமொழி, என்னடி உனக்கு ஏதாவது காதல் கீதல் வந்துவிட்டதா என்று கேட்டாள்.

அடுத்த நாள்தான் யோசித்தேன்.

நீங்கள் உயிரோடு இருப்பது தெரிந்தால் அறக்கட்டளை என்னை விட்டுவிடும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை அப்பா. விதி அப்படி. என்னுடன் சேர்ந்த ஒரு பையனுக்கு அம்மா இல்லை என்று எடுத்தார்கள். அவள் எங்கோ இன்னொருவருடன் குடும்பம் நடத்துகிறாள் என்று தெரிந்ததும் பாதி வருஷத்தில் அனுப்பிவிட்டார்கள். இப்போது கறிக்கடையில் நிற்கிறான்.

அம்மாவிடம் சொல்லலாம் என்று பஸ் ஏறினேன். பாப்பிரெட்டிப்பட்டியில் இறங்கினதும் மனசு மாறிவிட்டது. அம்மாவுக்கு ஒன்றை மறைக்கத் தெரியாது. அன்று சாயங்காலமே பொட்டு வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். அப்புறம் ஊருக்குத் தெரியும், ஊர் சென்னைக்குச் சொல்லும்.

கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்கிறேன். என் படிப்பு முடியும்வரை நீங்கள் மாதேஷாகவே இருக்க முடியுமா? நான் நர்ஸ் ஆகிவிட்டால் வக்கீல் வைத்து, நடந்ததைச் சொல்லி, உங்களை வீட்டுக்குக் கூட்டி வருவேன். சத்தியமாக.

உங்கள் பூவிழி

*

19.03.2023

கண்ணு,

நீ கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. உன்னைப் படிக்க வைக்கத்தான் மரம் வெட்டப் போனேன். வெட்டிச் சாதிக்க முடியாததைச் செத்துச் சாதிக்கலாம் என்றால் எனக்கு என்ன கசக்கிறதா? இருந்துவிட்டுப் போகிறேன். செத்தவனாக இருப்பதற்கு இதைவிட வசதியான இடம் எங்கே இருக்கிறது.

என் சாவுக்கு யார் யார் வந்தார்கள் என்று எழுது. உன் பெரிய மாமன் வந்தானா? என்னோடு பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தவன். அழுதானா, இல்லை தலைவலி என்று ஓரமாக உட்கார்ந்துகொண்டானா? இப்படிக் கேட்டு வேடிக்கை பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். அம்மாவின் தாலியைக் கழற்றியிருப்பார்களே என்று நினைவு வந்ததும் வேடிக்கை போய்விட்டது. அதை எழுதாதே.

ஒன்றுதான் உறுத்துகிறது. தீர்த்தம்மாளுக்கு என்ன பதில் சொல்வாய்? நான் மாதேஷ் மாதிரி எழுத மாட்டேன். அந்தப் பிள்ளை எனக்குக் கையால் சோறு போட்டிருக்கிறது. அந்தப் பாவத்தை மட்டும் என்னால் செய்ய முடியாது.

அப்பா

*

சேலம்
18.06.2023

அப்பா,

அந்தப் பாவத்தை நான் செய்துவிட்டேன்.

ஊருக்குப் போனாலே தீர்த்தம்மாள் சித்தி எனக்கு முன்னால் வந்து எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறார். கடிதம் வரவில்லை என்று ஒரு தடவை சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் தாங்கியிருக்க மாட்டீர்கள். அடுத்த தடவை நானே எழுதி எடுத்துக்கொண்டு போனேன். தமிழ் தெரிந்த கைதி ஒருவர் சித்தப்பாவுக்காக எழுதினது என்றேன். கன்றுக்குட்டிக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய், முதுகு வலிக்குக் கசாயம் குடிக்கிறாயா, வெயிலில் மரவள்ளிக் காட்டுக்குப் போகாதே என்று எழுதியிருந்தேன். சித்தி அதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். "இத்தன வருசத்துல என் முதுகு வலியப் பத்தி அவரு கேட்டதே இல்லையே, ஜெயிலுக்குப் போயித்தான் புத்தி வந்திருக்குது" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். அதிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அறக்கட்டளையின் ஆண்டு விழா சென்னையில் நடந்தது. நாங்கள் எல்லோரும் இறந்துபோன அப்பா அம்மா படத்தைக் கொண்டுபோக வேண்டும். மேடையில் மேசை போட்டு, படங்களுக்கு மாலை போட்டு, ஒவ்வொருவராகப் படத்துக்குப் பக்கத்தில் நின்று பேச வேண்டும். உங்கள் ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுபோனேன். நீங்கள் முறைத்துக்கொண்டு இருந்தீர்கள். என்ன பேசினேன் என்று நினைவில்லை. அழுதேன். பொய்யாக அழவில்லை. முன் வரிசையில் இருந்த ஒரு அம்மா மேடைக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டார். உன் அப்பா மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றார். படத்தை எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐஸ்வர்யா பன்னிரண்டில் என்னைவிட அதிக மதிப்பெண். அவளும் நர்சிங் படிக்கிறேன் என்றாள். சித்தி என்னிடம் வந்து, உன்னைப் படிக்க வைக்கிறவர்களிடம் சொல்லேன் என்று கேட்டார். சொன்னேன். தகப்பனார் உயிரோடுதானே இருக்கிறார், ஜெயிலில் இருந்தால் எடுக்க முடியாது என்றார்கள். சித்தியிடம் அப்படியே சொன்னேன். "அவரு இருந்து நல்லா வரட்டும் சாமி, படிப்பு போனா போவட்டும்" என்றார்.

நீங்கள் ஏன் அந்தக் காப்பைக் கழற்றினீர்கள்? ஏன் அந்தப் பெயரைச் சொன்னீர்கள்? வேறு பெயரே கிடைக்கவில்லையா?

பூவிழி

*

09.07.2023

பூவிழி,

உன்னைக் கேட்கிறேன், ஐஸ்வர்யா யார்? நம் வீட்டு அடுப்படியில் உன்னோடு ஒரே தட்டில் தின்று வளர்ந்தவள். அவள் அப்பன் செத்துவிட்டான். உன் அப்பன் சாகவில்லை. உனக்குக் கிடைத்தது நியாயமாக அவளுக்குச் சேர வேண்டியது. நீ அவளிடம் இருந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டு, அவள் பசியைப் பார்த்துக்கொண்டே தின்கிறாய். இதை எழுத எனக்குக் கை வரவில்லை. நானும்தானே உடந்தை.

தீர்த்தம்மாளுக்குக் கடிதம் வேறு எழுதுகிறாயாம். செத்தவன் பெண்டாட்டி பூ வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். இருக்கிறவன் பெண்டாட்டி மூளியாக நிற்கிறாள். இரண்டு பேரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். நீ நடுவில் நின்று பார்க்கிறாய். உன்னால் எப்படி முடிகிறது?

அடுத்த வாய்தாவில் ஜட்ஜ் முன்னால் நான் மாதேஷ் இல்லை என்று சொல்லிவிடப் போகிறேன். உன் படிப்பு போகும். வேறு வழி பார்க்கலாம். அந்தப் பிள்ளையையாவது அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

அப்பா

*

சேலம்
23.07.2023

அப்பா,

சொல்லுங்கள். தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, நான் எந்தக் கிணற்றில் இருக்கிறேன் என்று மாதேஷ் பெயருக்கு யாரையாவது கடிதம் போடச் சொல்லுங்கள்.

வேறு வழி பார்க்கலாம் என்கிறீர்கள். உள்ளே உட்கார்ந்துகொண்டு எந்த வழியைப் பார்ப்பீர்கள்? போன தடவை நீங்கள் பார்த்த வழியில்தான் நாங்கள் எல்லோரும் நிற்கிறோம். மூட்டையைப் பிரித்துப் பார்த்தவள் நான். அம்மாவின் வளையலை உடைத்தபோது அவள் கையைப் பிடித்திருந்தவள் நான். அப்பா இல்லாத பிள்ளை என்று எல்லாவற்றையும் பட்டுவிட்டேன். அதற்குப் பலனாக ஒன்று கிடைத்திருக்கிறது. அதை மட்டும் திருப்பிக் கொடு என்றால் எப்படி?

ஐஸ்வர்யாவை நான் பார்த்துக்கொள்கிறேன். வேலைக்குப் போனதும் முதலில் அவளைத்தான் படிக்க வைப்பேன். அதுவரை வாயைத் திறக்காதீர்கள். இனி எனக்கு எழுதவும் வேண்டாம்.

பூவிழி

*

08.09.2024

பூவிழி,

எழுத வேண்டாம் என்றாய். ஒரு வருஷத்துக்கு மேல் எழுதாமல் இருந்தேன். ஜட்ஜிடமும் சொல்லவில்லை. கிணறு என்று எழுதிவிட்டாய், அதற்குமேல் எந்த அப்பன் வாயைத் திறப்பான். இப்போது எழுதியே ஆக வேண்டும்.

வியாழக்கிழமை மனு பார்க்க ஆள் வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். நீதான் வந்துவிட்டாய் என்று நினைத்து, முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடினேன். கம்பிக்கு அந்தப் பக்கம் தீர்த்தம்மாள் நின்றிருந்தது. தலை நிறைய கனகாம்பரம். கையில் புது வேட்டி சட்டை, ஒரு டப்பா முறுக்கு. மொழி தெரியாத ஊரில் யாரையெல்லாம் கெஞ்சிக் கேட்டு வந்ததோ. எனக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தது, மாதேஷ் வருகிறானா என்று. அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தது.

"அண்ணா, நீங்களா? நீங்க இருக்கீங்களா?" என்று கேட்டது. கடவுள் அறிய, முதலில் அதன் முகம் மலர்ந்துதான் போனது. நான் உயிரோடு இருக்கிறேனே என்று. அந்த மலர்ச்சியை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். அப்புறம், "அவரு எங்கீங்கண்ணா?" என்றது. நான் தலையைக் குனிந்தேன். காப்பைப் பற்றிச் சொன்னேன். பெயரைப் பற்றிச் சொன்னேன். அது கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

பூவிழிக்குத் தெரியுமா என்று கேட்டது. தெரியாது என்றேன். உனக்காகச் சொன்னேன். "உங்க புள்ளதானுங்கண்ணா அவரு எழுதுனதுன்னு எனக்கு லெட்டர் படிச்சுக் காட்டுச்சு" என்றது.

ஐஸ்வர்யாவைப் போன வருஷமே கம்பைநல்லூரில் இருக்கிற தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்களாம். படிக்க வைக்க வழியில்லை, வயசுப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு தனியாக இருக்க முடியாது என்று. இப்போது முழுகாமல் இருக்கிறாளாம். தாத்தா ஆகப்போகிறீர்கள் என்று மாதேஷிடம் நேரில் சொல்லத்தான் தீர்த்தம்மாள் அவ்வளவு தூரம் வந்தது. அந்தக் கல்யாணத்தைப் பற்றி எனக்கு நீ எழுதவில்லை. நீதானே பார்த்துக்கொள்கிறேன் என்றாய்.

நேரம் முடிந்தது என்று வார்டன் விரட்டினான். வேட்டி சட்டையையும் முறுக்கையும் என் பக்கம் தள்ளியது. வேண்டாம் என்றேன். "எடுத்துக்கிட்டுப் போயி யாருக்குங்கண்ணா குடுப்பேன்" என்றது. நான் வாங்கிக்கொண்டேன்.

நேற்று சூப்பிரண்டிடம் என் பெயரைச் சொல்லிவிட்டேன். இனி மறைத்து யாருக்கு என்ன லாபம். நீ உன்னைப் பார்த்துக்கொள்.

நஞ்சப்பன்

*

ஊர்
17.11.2024

அப்பா,

நான் இப்போது ஹாஸ்டலில் இல்லை. சென்னையில் கூப்பிட்டு விசாரித்தார்கள். யாரும் திட்டவில்லை. அன்று கட்டிக்கொண்டாரே, அந்த அம்மாவும் இருந்தார். என் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் வருஷம் ஆரம்பத்திலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஐஸ்வர்யாவை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். கல்யாணம் ஆனவர்களை எடுப்பதில்லை என்றார்கள்.

சித்தி அங்கிருந்து வந்த அன்று நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாராம். சண்டை போடவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு, "சின்னம்மாக்கா, அண்ணன் இருக்கிறாரு. நீ உன் தாலிய எடுத்துக் கட்டிக்க. நான் என்னோடத கழட்டணும்" என்றாராம். அம்மாவிடம் கட்டிக்கொள்ளத் தாலி ஏது? அதை அழித்துத்தானே நான் காலேஜுக்குப் போகும்போது எனக்குக் கம்மல் செய்து போட்டாள். மஞ்சள் துண்டைக் கயிற்றில் கட்டிப் போட்டிருக்கிறாள். ஆனால் வெளியே போவதில்லை. தீர்த்தம்மாள் முன்னால் பொட்டோடு எப்படி நிற்பேன் என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினாள். "ஒண்ணர வருசம் தெரிஞ்சே என்னைய முண்டச்சியா வெச்சிருந்தியேடி" என்றாள். அதோடு சரி. சோறு போட்டுத் தட்டைத் தள்ளுவாள்.

சித்தப்பாவுக்குக் காரியம் செய்ய வேண்டும் என்று பங்காளிகள் கூடினார்கள். உடம்பு எப்போதோ உங்கள் பெயரில் எரிந்துவிட்டது. பதினாறாம் நாள் உங்கள் பெயரில் முடிந்துவிட்டது. ஒரு தடவை செய்ததைத் திரும்பச் செய்யலாமா என்று பேசிப் பேசி, ஒன்றும் முடிவாகாமல் எழுந்து போய்விட்டார்கள். ஐஸ்வர்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். வேறு இடம் இல்லை.

வக்கீல் வந்தார். பொய்ப் பெயர் சொன்னதற்கு உங்கள் மேல் இன்னொரு கேஸ் போடுவார்களாம். எத்தனை வருஷம் என்று அவருக்கே தெரியவில்லை. நான் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போகிறேன். நர்ஸம்மா என்று காட்டில் கேலி செய்கிறார்கள்.

இதை யாரிடமும் சொல்ல முடியாது, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். சித்தி தினமும் சாயங்காலம் வருகிறார். அம்மா கதவைத் திறப்பதில்லை, அதனால் நான் வெளியே வந்து படியில் உட்காருகிறேன். மடியில் கட்டி வைத்திருக்கிற கடிதங்களை, நான் எழுதினவற்றை, அவிழ்த்து என்னிடம் கொடுக்கிறார். படி என்கிறார். முதல் நாள் காலில் விழுந்தேன். காலை நகர்த்திக்கொண்டு, படி என்றார். படிக்கிறேன். முதுகு வலி எப்படி இருக்கிறது என்று கடிதத்தில் வந்தால், பரவாயில்லைங்க என்று பதில் சொல்கிறார். கன்று பெரிதாகிவிட்டது என்று சொல்கிறார். எல்லாம் நான் இட்டுக்கட்டியது என்று அவருக்கு நன்றாகத் தெரியும் அப்பா. புத்தி பேதலித்துப் போகவில்லை. என்னைத் தண்டிக்கிறாரா என்றும் தெரியவில்லை.

நேற்று எல்லாவற்றையும் படித்து முடித்தபிறகு மடித்துக் கட்டிக்கொண்டார். எழுந்து போகும்போது, "ஐசுவுக்கு மாசம் நெருங்குது, அவரு ஒண்ணும் கேக்கலையே. அடுத்த லெட்டரு எப்ப எழுதுவ?" என்றார்.

இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு அதைத்தான் எழுத உட்கார வேண்டும்.

பூவிழி